பேச்சுக்கு ஏ, எழுத்துக்கு சி

ஸ்டெல்லா மறுபடியும் ஃபெயில்.

பேச்சில் இல்லை. எழுத்தில்.

போன மாதம் ஒரு சாயங்காலம் மொபைலைத் தூக்கிக்கொண்டு வந்து என் வீட்டு வாசலில் நின்றாள். ஸ்டெல்லா எங்கள் பக்கத்து வீடு. தருமபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பதினாறு வருஷமாக இண்டூரிலிருந்து டவுன் பஸ் பிடித்துப் போய் வருகிறாள். அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி அவளை இன்டர்வியூ செய்து, வேலை தருகிறோம் என்று சொல்லிவிட்டது. ஒரே ஒரு கண்டிஷன். நர்ஸ்களுக்கென்று இருக்கும் இங்கிலீஷ் பரீட்சையைப் பாஸ் செய்ய வேண்டும். கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது... நான்கு பாகம். நான்கிலும் பி கிரேடாவது வேண்டும்.

மொபைலை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கண்ணாடி இல்லாமல் எனக்கு என்ன தெரியும்?

"பேசறதுல ஏ வந்துருக்குது பெரிம்மா. எழுதறதுல சி. போன தடவையும் இதேதான்."

"ம்."

"ஏ எடுத்தவளுக்கு எப்படிங்க சி வரும்? இங்கிலீஷ் ஒண்ணுதான?"

நல்ல கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் உடனே வாயில் வந்திருக்காது என்பது வேறு விஷயம். நான் வாரா வாரம் எழுதும் பத்திரிகைக்காரர்கள் வைத்த வாசகர் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு என்னைப் பற்றித் தெரியும். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "எல்லாருக்கும் வணக்கம், சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சாப்பாடு அவர்கள் ஏற்பாடு. நான் ஏன் அதைச் சொன்னேன் என்று இன்று வரை புரியவில்லை.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். இங்கிலீஷில் பஸ் போர்டு படிப்பேன். அதற்கு மேல் இல்லை. இது ஸ்டெல்லாவுக்கும் தெரியும். பிறகு ஏன் என்னிடம் வந்தாளாம்?

"அவருதான் சொன்னாரு. பெரிம்மா வாரா வாரம் எழுதறாங்க, எழுத்துக்கு ஒரு சூட்சுமம் இருக்குமில்ல, போயி கேளுன்னாரு."

அவர் என்பது சகாயம். அவள் வீட்டுக்காரன். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருக்கிறான். நல்ல மனிதன், அதிகம் பேச மாட்டான். இந்த அயர்லாந்து விஷயத்திலும் அப்படித்தான். பரீட்சைக்குப் பெங்களூர் போகிறேன் என்றால் பஸ் ஏற்றிவிடுவான். ஃபெயில் என்றால், "விடு, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்பான். ஆனால் 'போ' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. 'வேண்டாம்' என்றும் சொன்னதில்லை. அவளும் நேராகக் கேட்டதில்லை.

"அந்த எடத்த அடுத்த மாசக் கடைசி வரைக்கும்தான் வச்சிருப்பாங்களாம். இன்னொரு தடவை எழுதிப் பாக்கறேன். அதுலயும் போச்சுன்னா வேற ஆளப் போட்டுருவாங்க."

இதைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அன்றைக்கு அவள் போன பிறகு யோசித்தேன். பேசத் தெரிந்தால் எழுதத் தெரியும் என்று நாம் ஏன் நினைக்கிறோம்? எங்கள் தெருவில் நாலைந்து வீடுகளில் தெலுங்குதான் பேச்சு. சண்டை, கொஞ்சல், ஒப்பாரி எல்லாம் தெலுங்கில். அதில் ஒருவருக்கும் தன் பெயரைத் தெலுங்கில் எழுதத் தெரியாது. அதற்காக அவர்களுக்குத் தெலுங்கு தெரியாது என்று சொன்னால் சும்மா விடுவார்களா? அதே தெருவில் என்னைப் போல ஆட்களும் இருக்கிறோம். எழுதச் சொன்னால் நாலு பக்கம். பேசச் சொன்னால் சாப்பிட்டுட்டுப் போங்க.

தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மாடியில் கோச்சிங் நடத்துகிற சாரிடம்தான் ஸ்டெல்லா படிக்கிறாள். அவருடைய கிளாஸில் இன்னொரு பெண்ணும் இருக்கிறாளாம். இங்கிலீஷ் மீடியம். எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்குமாம், பேச்சு டெஸ்ட்டில் வாயே திறக்க மாட்டாளாம். அவளுக்கு எழுத்துக்கு ஏ, பேச்சுக்கு சி. "உங்க ரெண்டு பேரையும் ஒட்டி ஒரு நர்ஸ் பண்ணா நேரா ஃப்ளைட் ஏத்திரலாம்" என்று சார் சொன்னாராம். கிளாஸே சிரித்ததாம். இவள் சிரிக்கவில்லை.

பேச்சு டெஸ்ட் எப்படி நடக்கும் என்று ஸ்டெல்லா சொன்னாள். எதிரில் ஒருவர் நோயாளி மாதிரி நடிப்பார். இவள் நர்ஸாக அவரிடம் பேச வேண்டும். இதில் என்ன நடிப்பு? பதினாறு வருஷமாகத் தினமும் செய்கிற வேலை. போனவுடன் இவள், சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா, துணைக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று இங்கிலீஷில் கேட்பாள். எதிரில் இருப்பவர் பாதி சொல்லி நிறுத்தினால் மீதியை இவளே எடுத்துக் கொடுப்பாள். அக்கறைக்கு அங்கே மார்க் உண்டாம். ஏ வராமல் என்ன செய்யும்?

எழுத்து டெஸ்ட் வேறு. ஒரு நோயாளியைப் பற்றி இரண்டு பக்கக் குறிப்பு கொடுப்பார்கள். அதைப் படித்துவிட்டு ஒரு டாக்டருக்குக் கடிதம் எழுத வேண்டும். ஸ்டெல்லா வீட்டில் எழுதிப் பழகிய ஒரு கடிதத்தைத் தமிழில் எனக்குச் சொல்லிக் காட்டினாள். ஒரு பெரியவர். சர்க்கரை வியாதி. காலில் புண், ஆறவில்லை. அவர் வயது, சம்சாரம் இறந்தது, தனியாக இருப்பது, எந்தத் தேதியில் சேர்ந்தார், என்ன மருந்து, புண் எவ்வளவு அகலம்... ஒன்று விடாமல் இருந்தது. கடைசியில் 'நன்றி, வணக்கம்'.

எனக்குக் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

"சார் என்ன சொன்னாரு?"

"லெட்டர் அருமையா இருக்குது, படிச்சு முடிச்சுட்டு டாக்டர் 'அப்படியா, பாவம்'னுட்டு மடிச்சு வச்சிருவாருங்கறாரு. எதுக்கு எழுதனன்னே அதுல இல்லியாம்."

"புண்ணு ஆறலேன்னு இருக்குதே."

"அதத்தான் பெரிம்மா நானும் கேட்டேன். புண்ணு ஆறலேன்னு டாக்டருக்கு எழுதுனா, வந்து பாருங்கன்னுதான அர்த்தம்? இதுகூட ஒரு டாக்டருக்குத் தெரியாதா?"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. இரண்டு பேரும் சேர்ந்து சாரைக் கொஞ்ச நேரம் குறை சொன்னோம். அவள் சொன்னாள், நான் தலையாட்டினேன்.

நம் பக்கத்தில் காகிதம் என்றைக்குத் தனியாகப் போயிருக்கிறது? கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். தேதி, முகூர்த்தம், மண்டபம் எல்லாம் அச்சில் இருக்கிறது. இருந்தாலும் தாம்பாளத்தில் வைத்து நீட்டிக்கொண்டே, "வர்ற ஞாயித்துக்கெழமைங்க, நம்ம மண்டபத்துலதாங்க, குடும்பத்தோட வந்துரணும்ங்க" என்று வாயால் ஒரு தடவை சொன்னால்தான் அழைப்பு. ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டுப் போன பத்திரிகைக்கு ஒருவரும் போக மாட்டார்கள். "காயிதம் வந்துச்சு, ஆளு வரலயே" என்பார்கள். அச்சில் நூறு தாத்தா பெரியப்பா பெயர் இருக்கும். 'வாங்க' என்கிற சொல் மட்டும் ஆள் வாயில்தான் இருக்க வேண்டும்.

ஸ்டெல்லாவின் ஆஸ்பத்திரியிலும் இதே கதைதானாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கேஸை அனுப்பினால் இவளும் ஆம்புலன்ஸில் ஏறிப் போவாள். சீட்டை டாக்டரிடம் கொடுத்துவிட்டு, "சார்... காலு..." என்று இழுப்பாள். அவர் இவள் முகத்தைப் பார்ப்பார். "சரி, அட்மிஷன் போடு" என்பார். சீட்டை அவர் படித்தாரா என்பதே சந்தேகம்.

இப்படி நாங்கள் சாரைக் குறை சொல்லிக்கொண்டிருந்த வாரத்தில்தான் அந்த அரிசி விவகாரம் நடந்தது.

ஸ்டெல்லாவுக்குக் காலை ஷிப்ட். ஐந்தரை மணிக்குக் கிளம்ப வேண்டும். சகாயம் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் அன்று மதியத்துக்கு மேல்தான் கடைக்குப் போவதாக இருந்தது. இவள் டூட்டியில் போனைத் தொட முடியாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். அதனால் ஒரு துண்டுச் சீட்டு எழுதி அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து என் வீட்டுக்கு வந்தார்கள். முன்னால் சகாயம். கையில் சீட்டு. பின்னால் ஸ்டெல்லா, ஆஸ்பத்திரி யூனிபார்ம் கூட மாற்றவில்லை.

"பெரிம்மா, நீங்க எழுதறவங்க. நீங்களே படிச்சுச் சொல்லுங்க. இதுல ஆட்டச் சொல்லி எங்கயாவது இருக்குதா?"

படித்தேன். 'ஏங்க, அரிசி ஊற வச்சிருக்கேன். உளுந்து தனியா ஊற வச்சிருக்கேன். வெந்தயமும் போட்டிருக்கேன். கிரைண்டர் கழுவி வச்சிருக்கேன்.'

அவ்வளவுதான்.

"அரிசிய எதுக்குங்க ஊற வப்பாங்க? மீனு வளக்கவா?" என்றாள் ஸ்டெல்லா.

"எனக்கென்ன தெரியும்? ஊற வச்சிருக்கா, சரின்னு இருந்தேன். சாயங்காலம் வந்து நீ ஆட்டுவியாக்கும்."

"சாயங்காலம் ஆட்டறதுக்கு காத்தால எதுக்கு வைக்கறேன்? வூட்டுக்குள்ள வந்தா புளிச்ச நாத்தம். மூணு படி அரிசி பெரிம்மா, நொரை கட்டி நிக்குது. கிரைண்டர் கழுவி வச்சிருக்கேன்னு எழுதியிருக்கேன். அப்பக்கூடவா தெரியல?"

"கழுவி வச்சிருக்கான்னு நெனச்சேன். நல்ல விசயந்தான."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன்டி, ஆட்டிருங்கன்னு ஒரு வார்த்த எழுதறதுக்கு என்ன?" என்றான் சகாயம்.

"உங்களுக்கு எப்பிடிங்க வேல ஏவி எழுதறது? நேர்ல இருந்தா, கொஞ்சம் ஆட்டிருங்களேன்னு தன்மையா சொல்லிக்கலாம். எழுதுனா ஆர்டர் போட்ட மாதிரி இருக்குமில்ல."

"நேர்ல இருந்தா நான் கேட்டுருப்பேன்ல, எதுக்குடி ஊறுதுன்னு? நீ இல்ல. காயிதந்தான் இருக்குது. அதுங்கிட்ட கேட்டா அது சொல்லுமா?"

ஸ்டெல்லா என் கையிலிருந்த சீட்டை வாங்கி மறுபடி படித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"இததான் பெரிம்மா சார் சொன்னாரு."

சகாயத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்த சாரு? அரிசிக்கும் அந்தாளுக்கும் என்ன?"

அவள் அரிசியைக் கொட்டப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் பத்து இருபது நாள் அந்த வீட்டில் நடந்ததை நான் மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். தினமும் ஒரு சீட்டு. முதல் வரியிலேயே வேலை. 'தண்ணி மோட்டார் ஏழு மணிக்குப் போடவும். டேங்க் நெறஞ்சதும் நிறுத்தவும். மறக்க வேண்டாம்.' சகாயம் அதை எனக்குக் கொண்டுவந்து காட்டுவான். "கலெக்டர் ஆபீஸ்ல இருந்து நோட்டீஸ் வந்துருக்குதுங்க" என்பான். ஆனால் வேலை நடந்தது. டேங்க் நிறைந்தது. கோச்சிங் சாருக்கு எழுதிய கடிதங்களிலும் முதல் வரியிலேயே, இந்த நோயாளியின் காலைப் பார்த்து அடுத்த சிகிச்சையை முடிவு செய்யவும் என்று வந்துவிட்டது. முதல் தடவை அப்படி எழுதியபோது கை கூசியது என்றாள். "டாக்டருக்கே வேல சொல்றமேன்னு பயமா இருந்துச்சு பெரிம்மா." சார் அந்தக் காகிதத்தில் டிக் போட்டுவிட்டு ஒன்றுமே சொல்லவில்லையாம். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவையாம்.

மூன்றாவது தடவை பெங்களூர் போய் எழுதிவிட்டு வந்தாள். போன திங்கட்கிழமை ரிசல்ட்.

எழுத்துக்கு பி. பாஸ்.

பேச்சுக்கு?

அதுவும் பி. ஏ இறங்கிவிட்டது.

நடந்தது இதுதான். டெஸ்ட்டில் நோயாளியாக நடித்தவர், ஆபரேஷனுக்குப் பயந்து அழுகிற ஒரு பெண். பழைய ஸ்டெல்லாவாக இருந்தால், சாப்பிட்டீங்களா என்று ஆரம்பித்திருப்பாள். இந்த ஸ்டெல்லா உட்கார்ந்தவுடன், பயப்பட வேண்டாம், நாளைக் காலை வெறும் வயிற்றில் வரவும், நகைகளை வீட்டில் வைத்துவிட்டு வரவும் என்று வரிசையாகச் சொல்லிவிட்டாளாம். அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டாள். ஆறுதலில் இல்லை, அதிர்ச்சியில். அதற்குப் பிறகுதான் இவள் சுதாரித்துக்கொண்டு பழைய மாதிரி பேசினாளாம்.

"பேச்சுல கொஞ்சம் லெட்டர் வாசன வந்துருச்சும்மா" என்றாராம் சார். இன்னும் ஒரு மாதம் பழகியிருந்தால் எழுத்துக்கு ஏ வந்து பேச்சுக்கு சி ஆகியிருக்குமாம்.

இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று இனிமேல் சொல்ல மாட்டேன். ஒரே பானைத் தண்ணீர் போலிருக்கிறது. ஒரு பக்கம் மொண்டால் இன்னொரு பக்கம் குறைகிறது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் சேர்ந்துதான் ஏறும் என்கிறார் சார். இருக்கலாம். அவர் பார்த்தது ஆயிரம் பேர். நான் பார்த்தது ஒருத்தி. என்னையும் சேர்த்தால் இரண்டு.

எப்படியோ பாஸ். ஆனால் கதை முடியவில்லை. அயர்லாந்துக்காரர்கள் மெயில் அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஸ்டெல்லா சகாயத்திடம் சொன்னாள். மதிலுக்கு இந்தப் பக்கம் நன்றாகவே கேட்டது.

"மெயில் வந்துருக்குதுங்க."

"ம்."

"வெள்ளிக்கெழம வரைக்கும்தான் டைமாம்."

"ம்."

"அங்க போற நர்ஸுங்க அவங்கவங்க வூட்டுக்காரங்களையும் கூட்டிக்கிட்டுதான் போறாங்களாம்..."

"அப்படியா."

அப்புறம் டிவி சத்தம்தான் கேட்டது.

புதன்கிழமை அவளுக்குக் காலை ஷிப்ட். எட்டு மணிக்கு சகாயம் என் வீட்டுக்கு வந்தான். கையில் சீட்டு. நீட்டினான். வாங்கிப் படித்தேன்.

'நான் அயர்லாந்து போகட்டுமா? நீங்களும் வரணும். பதில் எழுதி அடுப்பு மேடையில் வைக்கவும்.'

ஒரு வார்த்தைகூட அதிகமில்லை. டாக்டருக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் அவள் இவ்வளவு நேராகக் கேட்டிருக்க மாட்டாள்.

"பதினேழு வருசம் ஆச்சு பெரிம்மா கல்யாணமாயி" என்றான் சகாயம். "வாயத் தொறந்து இது வேணும்னு எங்கிட்ட அவ கேட்டதில்ல. இப்பயும் தொறக்கல. எழுதிட்டா."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து இன்னொரு காகிதம் எடுத்தான். பஞ்சர் கடை பில் புத்தகத்தில் கிழித்தது.

"பதில் எழுதிட்டேன். எழுதிப் பழக்கமில்லிங்க. சரியா இருக்குதான்னு பாருங்க."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன்.

'எனக்குப் பாஸ்போர்ட் இல்லை. ஆதார் கார்டுல அப்பா பேரு தப்பா இருக்கு, மொதல்ல அத மாத்தணும். கடைய தம்பி பாத்துக்கறேன்னான். அங்க லாரி டயர் பெருசா இருக்குமான்னு யூடியூப்ல பாத்தேன், இருக்கு. குளுருக்கு சொட்டர் ரெண்டு வேணும்.'

புரட்டிப் பார்த்தேன். பின்பக்கம் காலி.

'போ' என்று இல்லை. 'போகலாம்' என்று இல்லை. 'வருகிறேன்' என்றும் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதிலைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது.

"எப்பிடிங்க இருக்குது?" என்றான். முகம் சிவந்திருந்தது. நாற்பது வயதுக்கு மேல் ஆனவன், பரீட்சை பேப்பரை நீட்டியவன் மாதிரி நின்றான்.

முதல் வரியில் பதிலை எழுதப்பா என்று சொல்லத்தான் நினைத்தேன். பேனாகூடப் பக்கத்திலேயே இருந்தது.

சொல்லவில்லை. மடித்து அவன் கையில் கொடுத்து, "நல்லா இருக்குது, கொண்டுபோய் வையி" என்றேன்.

பரீட்சைக்காரர்கள் படித்தால் ஃபெயில்தான். படிக்கப்போவது ஸ்டெல்லா.